விடு என்று சொல்லும் வரை

மிதி, மிதி, மிதி, பிடி. கிளமென்ட் பிடித்தான். இடது கால் பெடலோடு சேர்ந்து தரைவரை இறங்கிப் போய் நின்றது, காருக்கு அடியில் காற்றை வெளியேற்றும் நிப்பிளை ஸ்பேனர் திறக்கும் சின்ன முனகல் கேட்டது, பிறகு அப்பாவின் குரல், குமிழ் வருதுடா, இன்னும் வருது, விட்டுறாத என்றது. விடவில்லை. விட்டால் என்ன ஆகும் என்பது இதற்குள் அவனுக்கு மனப்பாடம். நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் வெளியே போன காற்றெல்லாம் வந்த வழியே உள்ளே ஏறிவிடும், கிளட்ச் மறுபடி பஞ்சு மாதிரி ஆகிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் அவர் மூடிவிட்டு விடு என்று சொல்லும்வரை அந்தக் கால் அவனுடையது இல்லை, அவருடையது. மற்ற உடம்பையும் பெரிதாகத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே சந்து மாதிரி இருக்கிற இடத்தில்தான் கார் நிற்கும். டிரைவர் பக்கக் கதவைச் சுவர் திறக்க விடாது, மறுபக்கக் கதவின் வாசலில் அப்பா கழற்றிப் பரப்பிய சாமான்கள், எதிரே தூக்கி நிறுத்திய பானெட்டின் வெள்ளைத் தகரம், அதைத் தாண்டி உலகம் இல்லை. அப்பாவும் இல்லை. முன்சக்கரங்கள் மரக்கட்டைகளின் மேல் ஏறி நிற்க, சாக்கைப் போட்டு அடியில் படுத்திருக்கிற அப்பா வெறும் குரலாகத்தான் இருந்தார். விடு, என்றது குரல். காலை எடுத்தான். பெடல் தரையிலேயே கிடந்தது. உள்ளே காற்று இருக்கிறவரை அது தானாக எழுந்திருக்காது, கட்டைவிரலை அடியில் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். தூக்கினான், தேர் பார்க்கப் போய்த் தூங்கிவிட்ட பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. "இன்னும் கொஞ்சம்தான்டா. நாலு மணிக்கு வெள்ளியங்கிரி வந்து மிதிச்சுப் பார்க்கும்போது கிண்ணுனு இருக்கணும்," என்றார் அப்பா. வெள்ளியங்கிரி வர மாட்டார். கரூரிலிருந்து இந்தக் காரை வாங்க வருவதாக இருந்த மனிதர் நாலு மணிக்கும் வர மாட்டார், அதற்கப்புறமும் வர மாட்டார், ஏனென்றால் வர வேண்டாம் என்று காலையில் சூசைராஜே போனில் சொல்லியாகிவிட்டது. சூசைராஜ் என்பது அப்பா. சொன்னது கிளமென்ட்.

அப்பா குளித்துக்கொண்டிருந்தார், பூசைக்கு நேரமாச்சு என்று அம்மா பீரோவிடம் கோபித்துக்கொண்டிருந்தாள், அப்போது பார்த்து அப்பாவின் போன் அடித்தது. அந்தப் போன் தண்ணித்தொட்டியில் விழுந்து எழுந்ததிலிருந்து காதில் வைத்தால் ஊமை, ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசும், அதுவும் தெருவுக்கே பேசும். அதை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினான். சொல்லுங்க, என்றான், அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தையில் அப்பா முழுசாக ஏறி உள்ளே உட்கார்ந்துகொண்டார், கொஞ்சம் மூக்கடைப்போடு, சொல்லின் கடைசியைப் பாதியில் முழுங்கிக்கொண்டு. சாயங்காலம் வந்துரட்டுங்களா என்று கேட்டார் வெள்ளியங்கிரி. கிளமென்ட் தொண்டையைச் செருமினான். அப்பாவுக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம் எதுவானாலும் முதலில் ஒரு செருமல் வரும், அவர் வேலை பார்க்கிற பார்சல் ஆபீஸில் தொலைந்துபோன பெட்டிக்குச் சொந்தக்காரர் கவுண்டரில் வந்து நிற்கும்போது வருகிற அதே செருமல், அது இல்லாமல் அப்பாவைச் செய்தால் உப்பில்லாத ரசம். செருமிவிட்டு, இல்லைங்க, வண்டி கொடுக்கிறதா இல்லை, வீட்ல மனசு ஒத்துக்கலை என்றான். என்னங்க இப்படிப் பொசுக்குனு சொல்றீங்க என்று அந்தப் பக்கம் கேட்டது. ஒத்துக்கலைங்க, என்று மறுபடி கறாராகச் சொல்லி வைத்துவிட்டு, அந்த அழைப்பைப் போனிலிருந்து அழித்துவிட்டு, படியிலேயே சத்தமில்லாமல் ஒரு குத்தாட்டம் போட்டான். என்ன ஒரு சுத்தமான வேலை. பூசை முழுக்க அது மிட்டாய் மாதிரி நாக்குக்கு அடியில் கரைந்துகொண்டிருந்தது. பிரசங்கம் முடிந்தது, வீட்டுக்கு வந்தார்கள், அப்பா நல்ல சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கிழிந்த பனியனும் கைலியுமாக வந்து, டேய் வா, கிளட்ச்சுல ஏர் எடுக்கணும், ஒத்த ஆளா முடியாது என்றார். மிட்டாய் நின்றுவிட்டது. குறும்பு செய்கிறவன் சிரிப்புவரைக்கும்தான் யோசிப்பான். சிரிப்புக்கு அடுத்த அறையில் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டான்.

பதுக்கெ, பதுக்கெ, என்றது டேஷ்போர்டில் சாய்த்து வைத்திருந்த அதே போன். முந்தாநாள் கியர் விழாமல் கார் மல்லுக்கட்டியது, கிளட்ச்சுக்கு எண்ணெய் போகிற டப்பா வற்றிக் காற்று புகுந்துவிட்டது, மெக்கானிக்கோ ஞாயிற்றுக்கிழமை கடவுள் வந்தாலும் கடை திறக்காதவர், அதனால் அப்பா ஒரு மலையாளியைக் குருவாகப் பிடித்திருந்தார். மீசை வைத்த அந்த ஆள் வீடியோவில் பதுக்கெ, அதாவது மெதுவாக, மிதிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான், அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது, மீதியைக் கிளமென்ட் அந்த மீசைக்காரனாகவே மாறி, மூக்கால் இழுத்து இழுத்துச் சொல்லிக்காட்டினான். அடியில் அப்பா சிரித்தார், சிரிப்பில் ஸ்பேனர் கைநழுவித் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. சிரிக்க வைத்திருக்கக் கூடாது. இன்றைக்கு இந்த மனிதரைச் சிரிக்க வைப்பதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது, ஆனால் வாய் கேட்பதில்லை, அது பாட்டுக்கு யாரையாவது எடுத்து உடுத்திக்கொள்கிறது. மிதி, மிதி, மிதி, பிடி. இப்போது யாருடைய வாய் வேண்டும்? ஃபாதரைச் செய்யலாம், அன்பார்ந்த இறைமக்களே, நாளை மாலை தையல் வகுப்பு நடைபெறாது. கெமிஸ்ட்ரி சாரைச் செய்யலாம், ஒவ்வொரு வரியும் தும்மலில் முடியும். எதிர்வீட்டு ஆச்சி அம்மாவைக் கூப்பிடுவதைச் செய்யலாம், ஏ பிலோமினா, ஒங்கூட்டுப் பூனை எங்கூட்டுப் பாலை. எல்லாரும் உள்ளே இருந்தார்கள், கூப்பிட்டால் ஓடி வருவார்கள், நெரிசல். தன்னை மட்டும்தான் அவன் கூப்பிட்டுப் பார்த்ததில்லை. பெயர் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது உள்ளேன் ஐயா என்பதைக்கூட அவன் தினம் ஒருவர் குரலில்தான் சொல்வான், வகுப்பு சிரிக்கும், சார் பேனாவால் மேஜையைத் தட்டுவார். சொந்தக் குரல் எது என்று யாராவது கேட்டால், பரணில் எங்கேயோ இருக்கும், தேடிப்பார்க்கணும் என்றுதான் சொல்ல முடியும். விடு, என்றது குரல். தூக்கினான். தொடை உள்ளே ஒரு நரம்பு தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கும் கைப்பிடி எப்போதோ உடைந்துவிட்டது. கார் ரெக்சினும் பிரேக் ஆயிலும் வேகிற வாசனையில் இழுக்கிற மூச்சு முன்பே யாரோ விட்டதாக இருந்தது.

அம்மா அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். எங்கிருந்து ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து முட்டுகிறது. போன வாரம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா சலாலாவைப் பற்றிச் சொன்னார், ஓமான் தேசத்தில் சலாலா, அங்கே கேரளா மாதிரி மழை பெய்யுமாம், மீன் கெடாமல் வைக்கிற குளிர் கிடங்கில் சரக்குப் பார்க்கிற வேலை, பெரியம்மா மகன் ஏற்பாடு. வண்டியைக் கொடுத்துட்டா அந்தப் பணத்துல கிளம்பிடலாம் என்றார். முதலில் ஒரு செருமல். அம்மா சட்னி ஊற்றினாள், பிறகு, யாரும் அழுதுவிடக் கூடாதென்று நினைத்தோ என்னவோ, சிரித்துக்கொண்டே சொன்னாள். "அவரு போனா என்னடா. அவரு குரல்தான் உன்கிட்ட இருக்கே. தெனம் ராத்திரி கதவைத் தட்டி, பிலோ, சாப்டியானு ஒரு வார்த்தை கேட்டுரு. நான் பாட்டுக்கு இருந்துருவேன்." எல்லாரும் சிரித்தார்கள். கிளமென்ட்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். ஒருமுறை பின்கட்டில் நின்று அப்பா குரலில் பிலோ, துண்டு என்று கேட்டதற்கு அம்மா நிஜமாகவே துண்டை எடுத்துக்கொண்டு வந்தவள்தான், இவனைப் பார்த்ததும் அதே துண்டால் முதுகில் ஒன்று வைத்தாள். அன்றைக்கு அது வேடிக்கை, ஏனென்றால் அசல் உள்ளே குளித்துக்கொண்டிருந்தது. அசல் சலாலாவில் மீன் பெட்டிகளுக்கு நடுவே இருக்கும்போது நகல் இங்கே கதவைத் தட்டினால் அதற்குப் பெயர் என்ன? அம்மா ஒருநாள் விளையாட்டாகக் கேட்பாள், செய்துகாட்டுவான். இன்னொருநாள் விளையாட்டில்லாமல் கேட்பாள். காய்ச்சல் வந்த அன்றைக்குக் கேட்பாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அது எந்தக் குரலில் வரும்? கொஞ்சங்கொஞ்சமாக அந்த வீட்டில் சூசைராஜ் வேலை அவனுக்கு நிரந்தரமாகிவிடும், கேஸ்காரனிடம் செருமுவான், மழை வந்தால் அடைத்துக்கொண்ட மொட்டைமாடிக் குழாயைக் குத்திவிடுவான், நாற்பது வயதாகிவிடும். வண்டியைக் கொடுத்துட்டா கிளம்பிடலாம். அப்படியென்றால் வண்டியைக் கொடுக்காவிட்டால்? அந்தக் கேள்வி இட்லித் தட்டில் வந்து உட்கார்ந்தது, ஒரு வாரமாக எழுந்து போகவில்லை, காலையில் போன் அடித்ததும் அதுதான் மாடிப்படிக்கு ஓடியது. இவன் இல்லை. இவன் வாய் கொடுத்தான், அவ்வளவுதான்.

மிதி, மிதி. "சலாலால வண்டி எல்லாம் இடதுபக்கம் ஸ்டியரிங்காம்டா," என்றார் அப்பா அடியிலிருந்து, "மறுபடி எல்கேஜிலேருந்து ஆரம்பிக்கணும். பிடி." பிடித்தான். இப்போது சொல்லிவிடலாம். முகம் பார்க்கத் தேவையில்லாத இந்த மாதிரி வசதி மறுபடி கிடைக்காது, நடுவில் ஒரு முழு என்ஜின் இருக்கிறது. அப்பா, அந்த ஆள் வரமாட்டார்ப்பா. வேண்டாம், ஃபாதர் குரலில் சொன்னால் தேவலை, அன்பு மகனே சூசைராஜ், இன்று மாலை உன் வாகனம் விற்கப்பட மாட்டாது. கெமிஸ்ட்ரி சார் தும்மிக்கொண்டே சொல்லட்டும். மீசைக்காரன் சொல்லட்டும், பதுக்கெ. ஒருத்தரும் முன்னால் வரவில்லை, உள்ளே இருந்த கூட்டம் மொத்தமும் திடீரென்று கடைசி பெஞ்சுக்குப் போய்க் குனிந்துகொண்டது. சொல்லாமலும் இருந்துவிடலாம். நாலு மணிக்கு அப்பா குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்பார், அப்புறம் நாற்காலி போட்டு உட்காருவார், இருட்டும். அந்த நாற்காலியை யோசிக்கக் கூடாது. அதைவிடக் கேவலமான இன்னொன்று இருந்தது, அதையும் யோசிக்கக் கூடாது, ஆனால் கால் யோசித்தது. சற்று முன்னால், நிப்பிள் திறந்திருந்தபோது, அந்தக் கால் ஒரு விரற்கடை அளவுக்கு மெல்ல மேலே வந்தது. வலியில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வலியில் வரவில்லை. கிளட்ச் சரியாகவே ஆகாவிட்டால் யார் வந்தால்தான் என்ன, யார் வராவிட்டால்தான் என்ன என்று அதற்கு ஒரு ஞானம் பிறந்து வந்தது. நிப்பிளில் செருகிய டியூப் ஒரு மடக்கு காற்றைக் குடித்தது. அப்பா பதறவில்லை, திட்டவில்லை. "எங்கேருந்துடா மறுபடி வருது," என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார், வாஷரைத் தடவிப் பார்த்தார், வீடியோவைப் பின்னால் தள்ளிப் போடச் சொன்னார், மீசைக்காரன் சொன்னதையே மறுபடி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான்தான் ஏதோ தப்புப் பண்றேன் போல. உன் கால்தான் பாவம்," என்றார். உன் கால்தான் பாவம். அதற்கப்புறம் அந்தக் கால் அசையவே இல்லை. அதை இப்போது ஆணி அடித்து வைத்திருந்தது அந்த வார்த்தைதான். விடு. தூக்கினான். மிதி, மிதி, மிதி, பிடி. விடு. இந்தமுறை கட்டைவிரலைக் கொண்டுபோவதற்குள் பெடல் தானாக ஒரு அங்குலம் நகர்ந்து வந்து பார்த்தது. திருட்டுக் கழுதை, என்று கிளமென்ட் அதை வாய்க்குள் திட்டினான். உனக்கு என்னடா அவசரம்.

மிதிக்க மிதிக்க அது கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது. சமையலறையிலிருந்து கறிக்குழம்பு வாசனையும் அம்மா குக்கரிடம் பேசுவதும் வந்தன, வியர்வை புருவத்திலிருந்து கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இருந்தும் துடைக்கத் தோன்றவில்லை. பிடி, என்றார் அப்பா, நிப்பிள் முனகியது. "டேய் கிளமெண்டு. குமிழே இல்லைடா. சும்மா தேன் மாதிரி வருது. நீ பிடிச்சுக்கிட்டே இரு, கடைசியா ஒண்ணு ஒளிஞ்சிருக்கானு பார்த்துட்டு மூடுறேன்." பிடித்துக்கொண்டே இருந்தான். "அப்படியே வெள்ளியங்கிரிக்கு ஒரு போன் போடு. வண்டி ரெடி, கிளம்பி வாங்கனு சொல்லு." கிளமென்டுக்குக் காதுக்குள் குக்கர் கத்தியது. நீங்களே பேசுங்கப்பா என்றான், சாயங்காலம் பேசிக்கலாம்ப்பா என்றான், சார்ஜ் இல்லைப்பா என்றான், போனோ எதிரே பளிச்சென்று மீசைக்காரனைக் காட்டிக்கொண்டிருந்தது. என் கை பூரா ஆயில், இங்கேருந்து கத்தினா கிணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கும் என்றார் அப்பா, பிறகு குரலில் ஒரு குறும்போடு, அந்தக் குறும்பு தனக்கு எங்கிருந்து வந்தது என்று கிளமென்டுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது, "நீயே நானாப் பேசிடேன். அவருக்கு எங்க தெரியப்போவுது," என்றார். கிளமென்டின் கை நீண்டு போனைத் தொட்டது. கால் தரையில், முதுகு சீட்டில், வலப்பக்கம் சுவர், முன்னால் தகரம். எழுந்து ஓடலாம் என்றால் அப்பா கஷ்டப்பட்டு வெளியே எடுத்த காற்று முழுக்க உள்ளே போய்விடும். மணி அடித்தது. எடுக்காதீங்க வெள்ளியங்கிரி, குளிச்சிட்டு இருங்க, தூங்குங்க, போனைத் தண்ணித்தொட்டியில போடுங்க. எடுத்துவிட்டார். சொல்லுங்க, என்றான் கிளமென்ட், அப்பாவாக, பழக்கத்தில். "என்னங்க சூசைராஜ்," என்றது ஸ்பீக்கர், தெருவுக்கே கேட்கும்படி. "காலைல வண்டி கொடுக்கறதில்லைனு அத்தனை கறாராச் சொன்னீங்க. இப்ப மனசு மாறிடுச்சுங்களா?"

கிளமென்ட் வாயைத் திறந்தான். ஃபாதர் வரவில்லை, சார் வரவில்லை, ஆச்சி வரவில்லை, தொண்டையில் அந்தச் செருமல்கூட இல்லை. காருக்கு அடியில் டியூபிலிருந்து பாட்டிலுக்குள் எண்ணெய் சொட்டுவது கேட்டது. அப்படி ஒரு சத்தம் இவ்வளவு நேரம் இருந்ததே தெரியாது. ஒன்று. இன்னொன்று. அப்பா யோசிக்கிறார். காலையில் தான் குளித்த தண்ணீர்ச் சத்தத்தை யோசிக்கிறார், மாடிப்படியை யோசிக்கிறார், போன வாரத்து இட்லியை யோசிக்கிறார், எழுந்து வந்து கதவைத் திறந்து காதைப் பிடித்துத் தூக்கட்டும், அது நன்றாகத்தான் இருக்கும், அதற்காவது காலை எடுக்க வேண்டிவரும். ஹலோ, இருக்கீங்களா, என்றார் வெள்ளியங்கிரி. "இருக்கேங்க," என்றது குரல், அடியிலிருந்து, சத்தமாக. "ஆமா. காலைல அப்படித்தான் சொன்னேன்." என்னங்க, கிணத்துக்குள்ள இருந்து பேசறீங்களா என்று கேட்டார் அவர். "வண்டிக்கு அடியில இருக்கேன். வீட்ல மனசு ஒத்துக்கலைனு சொன்னேன்ல. வீட்ல இல்லைங்க. எனக்குத்தான் ஒத்துக்கலை." செருமல் இல்லை. கிளமென்ட் காத்திருந்தான், வரவே இல்லை, செருமாமல் இப்படி ஒரு வார்த்தையை அப்பா சொல்லி அவன் கேட்டதில்லை, அதை எப்படிச் செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை, எத்தனை வருடம் ஆனாலும் அதைத் தன்னால் செய்ய முடியாது என்று தெரிந்தது. "இப்ப எப்படிங்க, வரட்டா, வேண்டாமா?" என்றது போன். சொட்டு. சொட்டு. "வாங்க," என்றார் அப்பா. "நாலு மணிக்கு வாங்க. வண்டி நல்லா இருக்கு." சரிங்க என்று வைத்துவிட்டார். திரையில் மீசைக்காரன் திரும்பி வந்து, கையைத் தூக்கியபடி உறைந்து நின்றான்.  ஸ்பேனர் முனகியது, இறுகியது, துணியால் எதையோ துடைப்பது கேட்டது. "மூடிட்டேன்," என்றார். "விடு." காலுக்கு அடியில் பெடல் கல் மாதிரி இருந்தது, பாதத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் வேண்டாம், யாரும் தூக்கிவிட வேண்டாம், சும்மா விட்டால் போதும், தானே எழுந்து, கியர் விழுந்து, கரூர்வரை போய்விடும். கிளமென்ட் இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கினான். "மூடியாச்சுடா. விடு." தொடை உதறியது. "மாட்டேன்," என்றான். நடுவில் உடைந்து, பாதி கரகரப்பாகவும் பாதி கீச்சாகவும் வந்த அந்தக் குரல் யாருடையது என்று அவன் ஒரு கணம் தேடினான், ஃபாதரிடம் இல்லை, சாரிடம் இல்லை, அப்பாவிடமும் இல்லை, தெரிந்தவர்கள் யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. அடியில் சாக்கு அசைந்தது, பிறகு அசையாமல் ஆயிற்று. அப்பா வெளியே வரவில்லை. "சரி," என்றார் படுத்தபடியே. "கொஞ்ச நேரம் பிடி."